வயதாகாத கற்சிலைகளும் வயதான பெண்களும்

அக்டோபர் 18, கடலூர்

விடிந்தும் விடியாத நேரம். சில்வர் பீச் மணலில் நடக்க வரும் பெண்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ. சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் என்று பேச்சு தாராளமாக ஓடுகிறது. "எனக்கு நின்னு போச்சுக்கா" என்று சொல்லும்போது மட்டும் குரல் பாதியாகிவிடுகிறது. இன்று உலக மாதவிடாய் நிறைவு நாள்.

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதை ஒட்டி வருகிறது. மேலை நாடுகளில் 51. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உடம்பெல்லாம் திடீரென்று சூடேறுகிறது, ராத்தூக்கம் கெடுகிறது, இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிடச் சொல்லித் தையற்காரரிடம் கொடுக்கிறவர், ஏதோ தப்பு செய்தவர் போலக் கூசி நிற்கிறார். முப்பது வயது அளவைக் காலத்துக்கும் தாங்கவேண்டும் என்று எந்த ரவிக்கைக்கும் விதி கிடையாது.

அக்டோபர் 19, தேவனாம்பட்டினம்

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பாரம் தாங்கினால் எலும்பு வலுப்படும் என்கிறது மருத்துவம். அதற்காக மீன்கூடை சுமக்கும் பெண்களைக் காட்டி, "இவங்களைப் பாருங்க" என்று பாடம் எடுப்பது வெட்டிப்பேச்சு. அந்தக் கூடை கழுத்தையும் முழங்காலையும் பதம் பார்ப்பது சுமப்பவர்களுக்குத்தான் தெரியும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி: உலக சுகாதார நிறுவனம் கேட்பது இவ்வளவுதான்.

அக்டோபர் 25, சிதம்பரம்

நடராஜர் கோயில் கோபுர வாசல்களில் 108 கரணங்கள்: கல்லில் செதுக்கிய ஆடல் நிலைகள். ஆடும் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் இளசு. நூற்றாண்டுகளாக அவர்களையே பார்த்துப் பழகிய கண், நரைத்த ஒருத்தி அரைமண்டியில் அமர்ந்தால் "இந்த வயசிலயா?" என்று கேட்கிறது.

சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய ஊர் இது. அதில் வரும் காரைக்கால் அம்மையார் தன் அழகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். சோழர் காலச் செப்புச் சிலைகளில் வற்றிய மார்பும் துருத்திய விலாவுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார். ஆனாலும் அவரை இன்றைய பெண்ணுக்கு முன்மாதிரியாக்க மனம் வரவில்லை. விடுதலைக்கு அவர் உடம்பையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நடனக் கலைஞர் சந்திரலேகா அப்படி எதையும் கொடுக்கவில்லை. 1985இல் 'அங்கிகா' நடனத்தைப் படைத்தபோது அவருக்கு 56 வயது. வெள்ளை முடி, பெரிய பொட்டு, மையிட்ட கண், எதையும் மறைக்கவில்லை. உடம்பின் முதுகெலும்பையும் மூச்சையும் காமத்தையும் மேடையில் பேசவைத்த 'சரீரா' 2001இல் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். வைஜயந்திமாலாவோ 2024இல், 90 வயதில், அயோத்தியில் பரதம் ஆடினார். காலை எவ்வளவு உயரம் தூக்கினார் என்று அளக்கப் போகிறவர் அவருடைய முகத்தையும் கையையும் தவறவிடுவார்.

அக்டோபர் 26, அண்ணாமலை நகர்

பரதத்துக்கு வராத விஷயங்களும் உண்டு. பெண்ணுறுப்பு வறட்சி, உறவின்போது வலி, தும்மினால் சிறுநீர் கசிவு. மூன்றுக்குமே சிகிச்சை இருக்கிறது: களிம்பு, இடுப்புத்தள தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் ஹார்மோன். நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது; கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆகவேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் ஓர் அம்மா, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி விசாரிக்கிறார்: "லேடி டாக்டர் எந்த ரூம்ல இருக்காங்க?"