பெட்போர்ட் இறங்கிய பாதை

இலங்கை மலையகத்து டயகமயில் பெய்கிற மழை ஒரு கடலுக்குப் போகிறது, அங்கே பறிக்கிற கொழுந்து இன்னொரு கடலுக்குப் போகிறது. ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் ஊறும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலந்து திருகோணமலைப் பக்கம் கடலைச் சேர்கிறது. தேயிலையோ லொறியேறி மேற்கே கொழும்புக்கு இறங்குகிறது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலையில் போட்டன. டயகமயின் தண்ணீர் போன ஊருக்கும் தேயிலை போன ஊருக்கும் ஒரே வாரத்தில் சண்டை வந்துவிட்டது.

தோட்டத்தில் 'சண்டைக்குப் போய் வந்தவர்' என்றால் துரையைத்தான் சொல்லுவார்கள். 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். 1914இல் அதிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பேர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார்கள். மறுவருஷம் கலிப்பொலியில் தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றவர்களும் இவர்கள்தான். 1949இல் படையைக் கலைத்தார்கள். இவர்களுக்குப் புத்தகம் உண்டு, தேவாலயச் சுவரில் பெயர் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் இங்கிருந்து வேறொரு கூட்டமும் போனது. பிரித்தானிய இராணுவச் சேவைப் படையில் இலங்கையரை வைத்தே சில போக்குவரத்துக் கம்பனிகளை அமைத்தார்கள். அவர்கள் மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் லொறி ஓட்டினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார்கள், அவர்களிலும் பலர் டிரைவர்கள். ரவையும் பெற்றோலும் ரொட்டியும் முன்னால் போக வேண்டும், காயப்பட்டவன் பின்னால் வர வேண்டும். துப்பாக்கிக்காரனுக்குப் பதக்கம் கிடைத்தது. ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் கிடைத்தது ஒரு தொழில். போர் முடிந்து ஊர் திரும்பியவனுக்கு அதுதான் சோறு போட்டது. என்னைக் கேட்டால், பதக்கத்தைவிட அது மேல்.

ஸ்டியரிங் பிடித்தவனின் லொறியும் போருக்குப் போய் வந்ததுதான். லூட்டன் நகரத்து வோக்ஸ்ஹோல் கம்பனி 1931 முதல் பெட்போர்ட் லொறி செய்தது. போர்க்காலத்தில் மட்டும் ஏறத்தாழ 2,50,000 லொறிகள் இராணுவத்துக்கு அங்கிருந்து போயின. அந்தப் பேரைத்தான் பிறகு மலைநாடு அறுபது எழுபது வருஷம் கூப்பிட்டது. 1958இல் வந்த மூக்கு வைத்த பெட்போர்ட், செய்த கம்பனி கைமாறி மூடப்பட்ட பிறகும் இலங்கை றோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்ஜினை மாற்றினார்கள், பொடியை மாற்றினார்கள், பெயர்ப் பலகையை மட்டும் கழற்றவில்லை.

டயகமயில் மேற்கு, கிழக்கு என்று தோட்டங்கள். கிரிகல்பொத்தை மலை தலைக்கு மேல் நிற்கும். கொழுந்து ஸ்டோருக்குப் போய், வாடி, உருண்டு, காய்ந்து, தூளாகிச் சாக்கில் விழும் வரைக்கும் டீமேக்கரின் ராச்சியம். சாக்கு லொறியில் ஏறியதும் அது டிரைவரின் பொறுப்பு. முந்தியெல்லாம் பலகைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள், வெளியே தோட்டத்தின் பெயரும் தூளின் வகையும் மையில் அடித்திருக்கும்.

லயத்தில் பிறந்தவனுக்கு மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் தொடாமல் சம்பளம் வாங்க இருந்த வழிகள் கொஞ்சம். டிரைவர் வேலை அதிலொன்று. முதலில் கிளீனராக ஏற வேண்டும். ஏற்றத்தில் லொறி திணறும்போது குதித்து இறங்கி, பின் டயரோடு கூடவே நடந்து, நின்ற நொடியில் கட்டையைச் செருகுவது கிளீனர் வேலை. பிந்தினால் லொறி தேயிலைக்குள் போகும். பெட்போர்ட்டின் பழைய கியர் பெட்டி சும்மா இழுத்தால் விழாது. கிளச்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, எஞ்ஜினை ஒருதரம் முறுக்கி, திரும்ப மிதித்துப் போட வேண்டும். டிரைவர் அண்ணன் செய்வதைக் காதால் கேட்டே படித்தார்கள். 'ஏறின கியரில் இறங்கு' என்பது மலையில் எல்லாரும் சொல்லும் பாடம். பிரேக்கை நம்பி இறங்கினவனை அதன் கருகல் வாடையே காட்டிக் கொடுத்துவிடும்.

மன்றாசி, அக்கரப்பத்தனை, ஹோல்புறூக், லிந்துலை. இது வரைக்கும் றோட்டு தேயிலைக்கு நடுவே முடக்குமேல் முடக்காகப் போகிறது. தலவாக்கலைக்கு 1880களில் ரயில் வந்தது. அதன் பிறகு வெகுகாலம் டயகம லொறியின் பயணம் அந்த ஸ்டேசனோடு முடிந்தது. பெட்டிகள் கோச்சியில் ஏறிவிடும்.

பெட்டிகள் மட்டுமல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். போகிறவர்களின் டிரங்குப் பெட்டியையும் அம்மிக்கல்லையும் ஸ்டேசனில் இறக்கியது இதே மாதிரி லொறிகள். அங்கிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. டிரைவர் அன்றைக்கு ஏற்றிவந்தது தன் அக்கா வீட்டுச் சாமானாகவும் இருந்திருக்கும். மிஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003இல்தான் தீர்ந்தது.

தலவாக்கலையில் இப்போது அணைக்கட்டு. மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவாற், 2012இல் ஓடத் தொடங்கியது. சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்கு மிச்சம் கொஞ்சத் தண்ணீர். அடுத்தது டெவன். சுற்றுலாப் பயணிகள் அங்கே இறங்கி அருவியைப் படம் எடுப்பார்கள். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க அரசு முனைந்ததை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்மேல் பொலிஸ் சுட்டது இந்த டெவனில்தான். சிவனு லெட்சுமணன் செத்தார். மலையகத்தான் ஓட்டுகிற லொறி இந்த இடத்தைத் தாண்டும்போது அருவிப் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.

கொட்டகலை, ஹட்டன், வட்டவளை. வட்டவளையில் மழை, அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. கினிகத்தேனைப் பக்கம் வந்ததும் ஆற்றின் திசை மாறுகிறது. இதுவரை மகாவலிக்கு ஓடிய தண்ணீர், இனிமேல் களனிக்கு. லொறியும் தண்ணீரும் இங்கிருந்துதான் ஒரே பக்கம் போகின்றன. குளிர் விடும், டிரைவர் ஸ்வெட்டரைக் கழற்றுவார், தேயிலை போய் றப்பர் வரும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயா கைவிட்டுப் போனதும், நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய றப்பர் தோட்டம் இலங்கைதான். இந்த மரங்களின் முன்னோரைப் பால் வற்ற வற்றச் சீவினார்கள். தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கியது. சண்டைக்குப் போகாதவனின் உழைப்பும் சண்டைக்குத்தான் போனது.

கித்துல்கலயில் நான் கொஞ்சம் நிற்கிறேன். டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காகக் களனியின் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவே வேடிக்கை பார்க்க வந்தார். படம் 7 ஒஸ்கார் வாங்கியது. யப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிய படம் அது. பாதையின் நீளம் 415 கிலோமீற்றர், வேலை நடந்தது 1942 முதல் 1943 வரை. அதில் மாண்ட நேச நாட்டுக் கைதிகள் சுமார் 12,000 பேர். கூலிகளாக இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட ஆசியர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து லயம் லயமாக அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம். ஒரே கிராமத்தில் அண்ணனைக் கண்டிக்கும், தம்பியைப் பினாங்குக்கும் ஏற்றிய கங்காணிமார்கள்தான் அவர்களையும் மலாயாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படத்தில் விசில் அடிக்கிறவர்கள் வெள்ளையர்கள். தமிழனைப் படமெடுக்க வேறெங்கும் தேட வேண்டியதே இல்லை, ஷூட்டிங் நடந்த றோட்டிலேயே லொறியில் போய்க்கொண்டிருந்தான்.

யட்டியந்தோட்டை, கரவனெல்லை, அவிசாவளை. சமதரை வந்துவிட்டது, இனிப் பிரேக் பயமில்லை. வேறு பயம் ஒரு காலத்தில் இருந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியை வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று தகர்த்தது, தொண்ணூறு பேரளவில் செத்தார்கள். அதன் பிறகு கொழும்புக்குள் நுழையும் லொறி எதுவும் வெறும் லொறி இல்லை. அதை ஓட்டுகிறவனின் பெயர் தமிழ்ப் பெயரானால் சோதனைச் சாவடியில் கேள்வி இரண்டு மடங்கு. அடையாள அட்டை, எங்கே பிறந்தாய், சாக்கில் என்ன. தேயிலை என்று வாசத்திலேயே தெரியும், ஆனாலும் சாக்கைக் குத்திப் பார்ப்பார்கள். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்து சோதனைத் தடைகள் எடுபட்டன. 2022இல் டீசல் இல்லாமல் அதே லொறிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. டிரைவர்கள் கெபினுக்குள்ளேயே தூங்கினார்கள்.

களனிக் கரையோரமாக ஹங்வெல்லை, கடுவெலை தாண்டினால் கொழும்பைச் சுற்றித் தேயிலைக் களஞ்சியங்கள். 1883 ஜூலை 30இல் தொடங்கிய ஏலத்தில் இன்றைக்கும் தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் தூள் விலை போகிறது. எடை பார்த்து, நனைந்த சாக்கு இருக்கிறதா என்று தடவி, டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கியதும் டிரைவர் வேலை பாதி முடிந்தது. வெறுங்கையோடு மலை ஏறினால் டீசலுக்குக் கட்டாது. மாவோ பருப்போ உரமோ ஏற்றிக்கொண்டு, அவிசாவளையில் பிரேக்கை ஒருதரம் பார்த்து, கித்துல்கலயிலிருந்து இரண்டாம் கியர்.