மடக்கு மேஜை

ஈராற்றுப்பேட்டையிலிருந்து வாகமண் ஏறும் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பின், மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022இல் வாகமணில்தான் திறக்கப்பட்டது.

புல்வெளி ஓரம் நிற்கும் சொந்த வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மேஜை மட்டும் இல்லாமலிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கை நடுக்கம். மடியில் கிண்ணத்தை வைத்தால் கஞ்சி சிந்தும். அதற்குப் பயந்தே பசியில்லை என்றுவிடுவார். மனைவி ஒரு தச்சரைப் பிடித்தார்.

வேனின் உள்சுவர் மெல்லிய பலகை, திருகு நிற்காது. தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே இரும்புச் சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்த தச்சர், அதில் மரக்கட்டை ஒன்றை முடுக்கி, நீளமான கீல் வைத்து ஒன்றரை அடிப் பலகையைத் தொங்கவிட்டார். தாங்க ஒரு மடக்குக் கால். டம்ளர் வழுக்காமலிருக்க விளிம்பில் சிறு சட்டம். மூலைகளை மழுக்கச் சொன்னது மனைவி. (குறுகிய வண்டியில் இடுப்பில் அடிபடுவது அவருக்குத்தானே!) கிளம்புமுன் பலகையை மடக்கிக் கொக்கி மாட்டியாக வேண்டும். மறந்தால் முதல் வளைவிலேயே அது சுவரில் அடித்து நினைவூட்டும்.

மடக்கினால் மூன்று விரற்கடைதான்.

மூடுபனி இறங்கிய காலையில் ஆசிரியர் இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டார்.