ஃப்ரிட்ஜ் லாஜிக்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். பேர் வேண்டாம். எச்ஐவிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. இப்ப டெஸ்ட்ல வைரஸே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு.

"மச்சி, நீ கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல புலியாச்சே. சிடி4 நல்லா இருக்கறப்ப மாத்திரையை நிறுத்திட்டு, குறைஞ்சா திரும்ப ஆரம்பிச்சா என்னடா?"

(புலியெல்லாம் இல்லீங்க. அரியர் வெச்சு ரெண்டாவது தடவைதான் அந்தப் பேப்பரையே கிளியர் பண்ணேன்.)

உண்மையைச் சொல்லணும்னா, 'சரியாத்தானே கேக்கறான்'னுதான் முதல்ல தோணுச்சு. வீட்டு ஃப்ரிட்ஜ் அப்படித்தானே ஓடுது? குளிர்ந்தா கம்ப்ரசர் ஆஃப், சூடு ஏறினா ஆன். நல்லவேளையா, "நாளைக்குச் சொல்றேன், அதுவரைக்கும் நிறுத்தாதே"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

தேடிப் பார்த்தா, இதையே செஞ்சு பார்த்திருக்காங்க. ஸ்மார்ட்னு ஒரு ஆய்வு, மொத்தம் 5472 பேர். அதுல ஒரு குழுவுக்கு சிடி4 350க்கு மேல இருந்தா மருந்து கட், 250க்குக் கீழ போனா மறுபடி. அச்சு அசல் தெர்மோஸ்டாட்! 2006 ஜனவரியில அந்தக் குழுவை மாத்திரைக்குத் திரும்பச் சொல்லும்படி ஆச்சு. தொடர்ந்து சாப்பிட்டவங்களை விட, எய்ட்ஸ் சார்ந்த தொற்றோ மரணமோ வர்ற ஆபத்து அவங்களுக்கு 2.6 மடங்கு. இதயம், கிட்னி, ஈரல் பிரச்னைகளும் கூடுதல்.

ஏன்? 1995ல டேவிட் ஹோ குழு செஞ்சது நம்ம லேப்ல பார்க்கற ஸ்டெப் ரெஸ்பான்ஸ் மாதிரிதான். மருந்தைக் கொடுத்து, வைரஸ் எவ்வளவு வேகமா விழுதுன்னு அளந்தாங்க. 1996ல பெரல்சன் போட்ட கணக்குப்படி, மருந்து இல்லாத உடம்புல தினமும் சுமார் ஆயிரம் கோடி வைரஸ் உருவாகி அழியுது. வெளிய அமைதி, உள்ள ஓயாத இழுபறி. மாத்திரை அந்த உற்பத்தியை அடக்கி வைக்குமே தவிர, செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதை அழிக்காது. நிறுத்தினா பெரும்பாலும் சில வாரத்துலயே வைரஸ் திரும்பிடும். கூடவே அழற்சியும் ஏறும், அது சிடி4 கணக்குல தெரியாது.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சென்சார் போதும். உடம்புக்குப் பத்தாது.

மறுநாள் இதெல்லாம் சொல்லி, "இனிமே டாக்டர்கிட்ட கேளு, என்கிட்ட கேக்காதே"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"அதில்லடா. ஒன்பதரைக்கு அலாரம் அடிக்கறப்பல்லாம் எனக்கு இது இருக்குன்னு ஞாபகம் வருது. ஒரு மாசமாவது அது இல்லாம இருந்து பார்க்கணும்னு தோணுச்சு."

இதுக்கு என்கிட்ட ஈக்குவேஷன் இல்ல. இப்ப என் போன்லயும் ஒன்பதரைக்கு அலாரம். அடிச்சதும் அவனுக்கு ஒரு மொக்கை ஜோக் அனுப்பறேன். நேத்து 9.29க்கே கேட்டான்: "இன்னிக்கு ஜோக் எங்கடா?"