கும்பிடச் சொன்ன மருத்துவர்

ஆத்தங்குடிக்கு வருகிறவர்கள் பெரிய வீட்டின் தரையைப் பார்த்து வியந்த கையோடு, அந்தத் தரைக்கற்கள் செய்யப்படும் கொட்டகைகளையும் எட்டிப் பார்த்துச் செல்வது வழக்கம். அத்தகைய கொட்டகை ஒன்றின் பின்புறம் எங்கள் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. கூடம் என்பது சற்று மிகை. காரைக்குடியில் பற்றவைத்து வாங்கிய இரும்பு பெஞ்சு ஒன்று, கனத்த குழாய் ஒன்று, கல் வார்த்து மிஞ்சிய சிமெண்டை வட்டத் தகர டப்பாக்களில் ஊற்றி நாங்களே செய்துகொண்ட எடைகள் சில. அவ்வளவுதான். நாங்கள் நால்வர். கொட்டகை எங்களில் ஒருவனுடைய தகப்பனாருக்குச் சொந்தம். இது அவனைப் பற்றிய கட்டுரை. எங்கள் அறியாமையைப் பற்றியதும்கூட.

2009 வைகாசியில் ஒரு மாலை. பெஞ்சில் மல்லாந்து படுத்து, தண்டை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சி. பிடியை எவ்வளவு அகலமாக வைக்கிறோமோ அவ்வளவு அகலமாக நெஞ்சு விரியும் என்று யாரோ சொன்னதை வேதமாகக் கொண்டிருந்தோம். தண்டில் இருந்தது 90 கிலோ என்று நம்பினோம். பின்னாளில் அந்தச் சிமெண்டு வட்டுகளைத் தராசில் வைத்தபோது மொத்தம் 100ஐத் தாண்டியது. "இன்னும் ஒண்ணுடா, ஒண்ணே ஒண்ணு" என்று கத்தியவர்கள் நாங்கள்தாம். தண்டு இறங்கி நெஞ்சைத் தொடும் நேரத்தில் ஈரக் கோணியைக் கிழிப்பது போன்ற ஓர் ஒலி கேட்டது. நண்பன் அலறவில்லை. "கை போயிருச்சு" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் புஜம் கருநீலமாகக் கன்றியிருந்தது. நெஞ்சில் பெரிய அடையாளம் எதுவுமில்லை. ஆகவே அடி கையில்தான் என்று முடிவு கட்டி, எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் தேடினோம். பிறகு போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் பழுதில்லை, சுளுக்குத்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

இதில் ஒரு வேதனையான வேடிக்கை உண்டு. ஜான் சீனாவின் மல்யுத்தத்தை ஒன்று விடாமல் பார்த்தவர்கள் நாங்கள். 2007 அக்டோபரில் அவருடைய நெஞ்சுத்தசை நாண் எலும்பைவிட்டுக் கிழிந்ததையும், உடனே அறுவை செய்துகொண்டு 2008 ஜனவரி இறுதியில் அவர் மேடைக்குத் திரும்பியதையும் கதைகதையாய்ப் பேசியிருக்கிறோம். அதே காயம் எங்கள் கண்ணெதிரே நேர்ந்தபோது அடையாளம் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து மதுரையில் ஓர் எலும்பு மருத்துவர் நண்பனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, "கும்பிடுங்கள், உள்ளங்கைகளை அழுத்தி" என்றார். இடப்பக்கம் நெஞ்சிலிருந்து கைக்குச் செல்லும் அக்குளின் முன்மடிப்பு கயிறு போல எழுந்து நின்றது. வலப்பக்கம் அந்த மடிப்பே இல்லை. எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்தது. நாண் எலும்பை விட்டுப் பிரிந்து, தசை உள்நோக்கிச் சுருங்கி, வடு கட்டிவிட்டிருந்தது. முதல் சில வாரங்களில் வந்திருந்தால் இழுத்துத் தைப்பது எளிதாக இருந்திருக்கும், இப்போது கடினம், பலனும் குறைவு என்றார். செலவையும் யோசித்து நண்பன் அறுவை வேண்டாமென்று திரும்பிவிட்டான்.

* * *

பிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முற்பட்டோம். இக்காயம் மருத்துவ ஏட்டில் முதலில் இடம்பெற்றது 1822இல், பாரிசில். கொக்கியில் தொங்கிய இறைச்சியை இறக்க முயன்ற இறைச்சிக்கடைப் பையன் ஒருவனுக்கு நேர்ந்தது அது. நெடுங்காலம் அபூர்வமாகவே இருந்த காயத்தைப் பெருக்கியது பெஞ்ச் பிரஸ். காரணம் தசையின் அமைப்பில் இருக்கிறது. நெஞ்சுத்தசை மார்பெலும்பிலிருந்தும் காறையெலும்பிலிருந்தும் விசிறியாய்ப் புறப்பட்டு, புஜ எலும்பில் ஒடுங்கிய நாணாகச் சேர்கிறது. சேருமிடத்தில் அது முறுக்கிக்கொள்கிறது. கீழிருந்து வரும் இழைகள் பின்புறமாகச் சென்று மேலே ஒட்டுகின்றன. தண்டு நெஞ்சைத் தொடும்போது முழங்கை உடம்பின் மட்டத்துக்குக் கீழே போகிறது. அந்தக் கடைசிப் பாகையில் கீழ்இழைகள் மற்றவற்றைவிட மிகுதியாக நீள்கின்றன என்று 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நீண்டுகொண்டே சுமையையும் தாங்க வேண்டிய அந்தக் கணத்தில்தான் நாண் அறுகிறது.

மற்றத் தூக்குதல்களில் இது அரிது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2018 காமன்வெல்த் போட்டியில் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றபோது அவரை வருத்தியது தொடைக்காயம். அந்த விளையாட்டில் மல்லாந்து படுத்துத் தள்ளும் வேலையே இல்லை. தென்மாவட்டச் சிற்றூர்களில் பொங்கலுக்குத் தூக்கும் இளவட்டக்கல்லும் அப்படியே. குந்தி, கல்லைத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடுவார்கள். கை எப்போதும் உடம்புக்கு முன்னேதான் இருக்கும். நெஞ்சுத்தசையின் இயல்பான வேலையே அணைப்பதுதான்.

ஆகவே பெஞ்ச் பிரஸ் செய்கிற தம்பிமார்களுக்குச் சில சொற்கள். பிடி, தோளகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். முழங்கைகளைச் சிலுவை போல விரிக்காமல், விலாவிலிருந்து ஏறக்குறைய 45 பாகையில் வையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து பெஞ்சில் பதியுங்கள். தண்டை மெல்ல இறக்குங்கள். நெஞ்சில் மோதவிட்டு எழுப்பாதீர்கள். தோள் இறுக்கமானவர்கள் நெஞ்சின்மேல் துண்டை மடித்து வைத்து, அந்த மட்டத்தோடு நிறுத்தலாம். வெறுந்தண்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். எடை எவ்வளவு என்பது ஐயமின்றித் தெரிந்திருக்கட்டும். தலைமாட்டில் நிற்பவன் கத்துவதற்கு அல்ல, தண்டைப் பிடிப்பதற்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தசை விரைவில் வலுப்பெறும், நாண் மெதுவாகத்தான் வலுப்பெறும். சில மாதங்களில் நெஞ்சு புடைத்துவிட்டதே என்று எடையைக் கூட்டிக்கொண்டே போனால், நாண் பின்தங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசி இந்த இடைவெளியை மேலும் பெருக்குகிறது. ஆத்தங்குடிக் கல்லில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது புரியாமல் போயிருக்கக் கூடாது. கண்ணாடியின்மேல் வண்ணம் ஊற்றிய உடனேயே கல் அழகாகிவிடுகிறது. ஆனால் உரிய நாள் தண்ணீரில் கிடந்து இறுகாத கல் காலடிக்கு உதவாது.

மீறி நேர்ந்துவிட்டால், அதாவது கிழியும் ஒலி, புஜத்தில் பரவும் கன்றல், அக்குளின் முன்மடிப்பு மறைதல் இவற்றில் எது கண்டாலும், நீவாதீர்கள், ஒத்தடத்தில் சூடு வேண்டாம். பனிக்கட்டி வைத்து, கையைத் தூளியில் தாங்கி, அந்த வாரமே எலும்பு அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள்.

நண்பன் இன்றும் கொட்டகையை நடத்துகிறான். கலவை இழைக்கவும் வண்டி ஓட்டவும் குறையொன்றும் இல்லை. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது, தூங்கிவிட்ட மகளைத் திண்ணையிலிருந்து இடக்கையால் அணைத்துத் தூக்கினான். வலக்கை பேருக்குத் தாங்கியது. அவன் எங்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்று அன்று கத்திய குரல்கள் யாருடையவை என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இரும்பு தூக்கும் பிள்ளை இருந்தால், ஒருமுறை கைகூப்பி அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இருபுறமும் அந்த மடிப்பு எழுந்து நிற்கட்டும்.