சாமான் ஏறுமுன் பேசுங்கள்

தோட்டத்துப் பிழைப்பில் வீடு மாறுவது புதிதல்ல. 1950, 60-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சுகளோடு வேறு தோட்டம் தேடிப் போனார்கள். பிறகு எங்கள் செமினி வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வரிசை வரிசையாகத் தாமான்கள் எழும்பின. அப்போதும் பல குடும்பங்கள் லயத்தைக் காலி செய்தன.

ஆனால் அந்தக் காலத்தில் வீடு மாற்றம் என்றால் தோட்டத்து லாரியோ டிராக்டரோ வாசலில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு இளைஞர்கள் அலமாரியைத் தூக்குவார்கள். பெண்கள் சட்டி பானையைக் கட்டிக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் ஒரு குவளை தேநீர், இரண்டு பிஸ்கட். அதோடு செலவு முடிந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குடும்பமும் அப்படித்தான் வேறு டிவிஷனுக்குப் போயிற்று. லாரி வாடகை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் ஜொகூரிலும் பினாங்கிலும் வேலை செய்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அவர்களோடு போய்ச் சேர்கிறார்கள். முந்நூறு நானூறு கிலோமீட்டர் தூரத்துக்குச் சாமான் போக வேண்டும். அதற்கு வாடகை லாரிதான் வழி. வாடகை பேசிப் பழக்கமில்லாத நம் மக்கள் இங்கேதான் அகப்பட்டுக் கொள்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய ஒரு பெரியவர், மனைவியோடு கூலாய்ப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். முகநூலில் பார்த்த ஓர் எண்ணுக்கு மருமகன் பேசினார். "ஒன்பது நூறு வெள்ளி, எல்லாம் சேர்த்து" என்று மறுமுனையில் சொன்னார்கள். மற்ற இடங்களில் கேட்டதைவிடக் குறைவு. முன்பணமாக 300 வெள்ளி வங்கி வழியாகப் போனது. காலையில் லாரி வந்தது, சாமான் ஏறியது.

மாலையில் மகளின் அடுக்குமாடி வீட்டு வாசலில் லாரி நின்றது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் மாடி ஏற 250 வெள்ளி, டோலுக்கும் டீசலுக்கும் 180, கூடுதல் சாமானுக்கு 200, கட்டில் அலமாரி கழற்றிக் கட்டியதற்கு 120. ஆக இன்னும் 750 வெள்ளி. ஒன்பது நூறு ஆயிரத்து அறுநூற்று ஐம்பதாகிவிட்டது. "பணம் வந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் சாமான் எங்கள் ஸ்டோருக்குப் போகும், அதற்கும் தினவாடகை உண்டு" என்றார்களாம். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகூட அந்த லாரிக்குள்தான் இருந்தது. மகள் அக்கம் பக்கத்தில் கடன் வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு அந்த அம்மா என்னோடு தொலைபேசியில் பேசியபோது சொன்னார்: "நம்ப சாமான் நம்ப கண்ணு முன்னால அவங்க கையில இருந்துச்சு டீச்சர். என்னா பேச முடியும்?"

இந்த விஷயத்தின் சாரமே அந்தச் சொல்லில் இருக்கிறது. சாமான் வீட்டில் இருக்கும்வரை பேச்சு நம் கையில். சாமான் லாரியில் ஏறிவிட்டால் பேச்சு அவர்கள் கையில். ஆகவே பேச வேண்டியதையெல்லாம் லாரி வருவதற்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு இன்னொரு குடும்பம் சுங்கைப்பட்டாணிக்குப் புறப்பட்டது. அந்த வீட்டுப் பிள்ளை என் ஐந்தாம் வகுப்பு மாணவி. அவளையே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக நடந்து, இருக்கும் பொருளையெல்லாம் எழுதினாள். கட்டில் 2, மெத்தை 2, குளிர்சாதனப் பெட்டி 1, சலவை இயந்திரம் 1, சாமி மேடை 1, அம்மி 1, பெட்டிகள் 14. அம்மியை மறந்துவிட்டால் அதுதான் "கூடுதல் சாமான்" ஆகும். அந்தப் பட்டியலை மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பி விலை கேட்டோம். மற்ற இரண்டையும்விட ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். குறைத்த பணத்தை வழியில் எங்காவது பிடிக்கத்தான் அந்தக் குறைப்பு.

விலை கேட்கும்போது இவற்றை விடாமல் கேளுங்கள்: டோலும் டீசலும் சேர்ந்ததா? எத்தனை ஆட்கள் வருவார்கள்? எந்த மாடி, லிஃப்ட் உண்டா, லாரி வாசல்வரை வர முடியுமா என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் தனிக் கூலியா? நம் சாமான் மட்டும் போகிறதா, வேறு வீட்டுச் சாமானும் சேர்ந்து போகிறதா? சேர்ந்து போனால் எந்த நாளில் வந்து சேரும்? பொருள் உடைந்தால் யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் பதில் வந்த பின், "பட்டியலில் உள்ள சாமானுக்கு மொத்தத் தொகை இவ்வளவு, இதற்கு மேல் இல்லை" என்று கம்பெனிப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், அழித்துவிடாதீர்கள்.

கம்பெனியின் எஸ்.எஸ்.எம். பதிவு எண்ணைக் கேளுங்கள். பிறர் சாமானை வாடகைக்கு ஏற்றும் லாரிக்கு 'ஏ' வகை உரிமம் வேண்டும். 'சி' வகை சொந்தச் சாமான் ஏற்றுபவர்களுக்கு உரியது. லாரி வந்தவுடன் எண் பலகையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும், ரசீது வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை, மருந்து இவை நம் கைப்பையில் நம்மோடு வர வேண்டும். மருந்து கையில் இருந்தால் கூலாயில் நடந்த அவசரம் பாதி குறைந்திருக்கும்.

இந்த வம்பு நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீட்டுச் சாமான் கொண்டுபோகும் கம்பெனிகளுக்கு அரசாங்க விதி ஒன்று உண்டு. உத்தேச மதிப்பீடு கொடுத்த கம்பெனி, சாமான் இறக்கும் வேளையில் அதில் 110 விழுக்காட்டுக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்து வைக்கக் கூடாது. பணக்கார நாட்டிலும் இப்படி விதி போட வேண்டியிருக்கிறது என்றால், ஏமாறுவது படிக்காதவர்களுக்கு மட்டும் வரும் வெட்கம் அல்ல என்று தெரிந்து கொள்ளலாம்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விலை பேசப்படாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் நாம் கொடுக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்பார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். ஆகவே பெரிய கம்பெனியின் வக்கீலைப் பார்த்து நாம் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை.

கூலாய்க் குடும்பத்துக்கு அந்தப் பாரத்தை நிரப்ப நான் உதவினேன். அவர்களிடம் இருந்தவை "900 எல்லாம் சேர்த்து" என்ற ஒரு வாட்ஸ்அப் வரியும் வங்கிச் சீட்டும்தான். விசாரணை நாளில் இரு தரப்பையும் முதலில் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் மாடி என்பதை மருமகன் முன்கூட்டிச் சொல்லாததால் அந்தக் கூலியைக் குடும்பம் ஏற்றுக்கொண்டது. மீதி 500 வெள்ளியை லாரிக்காரர் திருப்பிக் கொடுத்தார். "ஐந்நூறு வந்தது பெரிசு இல்ல டீச்சர், என்னையும் நாற்காலி போட்டு உட்கார வச்சுக் கேட்டாங்க" என்றார் பெரியவர்.

வாசலில் நின்று மிரட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கைகலப்பு வேண்டாம். எழுதி வாங்கியதைக் காட்டுங்கள். கேட்காவிட்டால் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். வேறு வழியில்லாமல் பணம் கொடுக்க நேர்ந்தால், எதற்கு எவ்வளவு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கிறோம்" என்று அப்போதே ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள். அது நடுவர் மன்றத்தில் உங்களுக்காகப் பேசும். சாமானை இறக்கியதும் பட்டியலோடு சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

லாரிக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் முதுகொடிய உழைப்பவர்கள். சுங்கைப்பட்டாணிக்குப் போன லாரிக்காரர் எங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொடுத்தா எங்களுக்கும் நல்லதும்மா, அங்க போய்ச் சண்டை போட வேண்டியதில்ல" என்றார். சொன்ன தொகையில் ஒரு சென்கூடக் கூட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த எழுத்து வீட்டுக் காரியத்துக்கும் உதவட்டும். உங்கள் வீட்டில் குடிபெயரும் நாள் வந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.