நாற்பது சதவீதம்

ஹீமோபிலியா உள்ளவரை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரத்தம் உறைவதற்கான எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி குறைவாக இருப்பதால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். முழங்கால் வீங்கி சில நாள் படுக்கை. அப்புறம் எழுந்து நடப்பார். "நல்லாத்தானே இருக்கீங்க" என்று கேட்பவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வது?

1995 சட்டத்தின் ஊனமுற்றோர் பட்டியலில் இவருக்கு இடமே இல்லை. 2016 சட்டம்தான் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றையும் சேர்த்து, பட்டியலை 21 ஆக நீட்டியது. நல்ல விஷயம்தான். ஆனால் இடஒதுக்கீடு வேண்டுமென்றால் குறைந்தது 40 சதவீதம் என்று மருத்துவச் சான்றிதழ் சொல்ல வேண்டும். லாபத்துக்கும் வட்டிக்கும் சதவீதம் போடலாம், வந்து வந்து போகிற வலிக்கு எப்படிப் போடுவது?

சரி, 40 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 32-ஆம் பிரிவின்படி அரசுக் கல்லூரியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இவர் சேரலாம். படித்து முடித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வேடிக்கை. வேலையில் 4 சதவீதம் தரும் 34-ஆம் பிரிவு, யார் யாருக்கு என்று தனியாக ஒரு பட்டியல் போடுகிறது. அதில் ரத்த நோய்கள் இல்லை. அதே சட்டம், அதே சான்றிதழ், அதே முழங்கால்!