எங்கள் வேன் கேரியரும் நான் சொன்ன பொய்யும்



இந்த மாதச் சுவரிதழுக்கு "நான் கற்ற பாடம்" என்று எழுதும்படி தமிழம்மா சொன்னார்கள். நான் கற்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வேனின் கூரை மேல் இருக்கிறது. சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் அப்பா பழைய ஆம்னி வேன் ஒன்றை ஓட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவில் அந்த வண்டிதான். நம் ஊர்தான் உங்களுக்கே தெரியுமே, ராமநாதபுரம் கடலோரம். உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், வாளிக் கைப்பிடி எதுவும் தப்பாது. வேன் மேலே சாமான் கட்டுகிற இரும்புக் கேரியரும் துருப்பிடித்துச் சொரசொர என்று ஆகிவிட்டது.

போன வருடம் காலாண்டு லீவில் அப்பா ஒரு டப்பா கறுப்பு எனாமல், ஒரு டப்பா ரெட் ஆக்சைடு, உப்புத்தாள், கம்பி பிரஷ் எல்லாம் வாங்கி வந்தார். "ஆத்தா, துருவை நல்லா சுரண்டிட்டு ரெட் ஆக்சைடு அடி. அது காஞ்சதும் மறுநாள் கறுப்பு அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறொருவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்விட்டார்.

நான் அரை மணி நேரம் சுரண்டினேன். கை வலித்தது. டி.வி.யில் படம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மேல் பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு, ரெட் ஆக்சைடே அடிக்காமல் நேராகக் கறுப்பை அடித்துவிட்டேன். ரெட் ஆக்சைடு டப்பாவை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சாயங்காலம் கேரியர் பளபள என்று மின்னியது. "எல்லாம் சுரண்டித்தான் அடிச்சியா?" என்று அப்பா கேட்டார். "ஆமாப்பா" என்றேன். அப்பா எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. ஒரு நாள் தாய்மாமன் சீர் ஏற்றிப் போனார்கள். புதுப் பாய், வெள்ளைத் தலையணை எல்லாம் கேரியரில் இருந்தன. இறக்கிப் பார்த்தால் தலையணையில் செம்பட்டைக் கோடுகள்! சபையில் வைக்கிற சீர் அல்லவா? அவர்கள் சத்தம் போட்டார்கள். அப்பா வாடகையே வாங்காமல் திரும்பி வந்தார்.

அதோடு முடியவில்லை. அப்பா நேராக ஹார்டுவேர் கடைக்குப் போய், "மட்டமான பெயின்ட்டைக் குடுத்து ஏமாத்திட்டீங்களே" என்று நாலு பேர் முன்னால் சண்டை போட்டார். கடைக்கார மாமா, "பெயின்ட்ல குத்தமில்லண்ணே" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு அப்பா அந்தக் கடைக்கே போகவில்லை. பள்ளிக்கூடம் வரும் வழியில்தான் அந்தக் கடை. மாமா என்னைப் பார்த்து எப்போதும்போல் சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். பரோட்டா நினைவுக்கு வரும்.

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி, விறகுக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்து அப்பா முன்னால் வைத்துவிட்டு அழுதேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் பேசாமலே இருந்தார். காலையில், "கிளம்பு, கடைக்குப் போவோம்" என்றார். அங்கே அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்றார். தப்புப் பண்ணியவள் நான். மன்னிப்புக் கேட்டது அப்பா. அதைப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

மாமா கோபப்படாமல் எனக்கு விளக்கம் சொன்னார். இரும்பு, காற்று, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு அதை வேகப்படுத்தும். துரு இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால் துருவின் மேல் எவ்வளவு விலை கூடின பெயின்ட் அடித்தாலும், அது உள்ளிருந்தே தள்ளிவிடும்.

எந்தப் பாகத்துக்கு எது என்பதையும் சொன்னார். கேரியருக்கு ரெட் ஆக்சைடும் எனாமலும் போதும். சைலன்சருக்கு எனாமல் கூடாது, சூட்டில் கருகி உரிந்துவிடும். எத்தனை டிகிரி தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற சூடு தாங்கும் பெயின்ட்தான் வேண்டும். பிரேக் பிடிக்கிற இடத்தில் எந்தப் பெயின்ட்டும் படக்கூடாது. ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ட் இன்னும் கெட்டியானது. ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, அதைப் பட்டறைக்காரர்களிடம் விட்டுவிட வேண்டும்.

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. கடல் காற்று அரித்துக்கொண்டே இருந்ததால் அதைப் பராமரித்துக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காமல் இருக்க பாலிசிலாக்சேன் என்ற பூச்சு பூசியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்துக்கே அப்படி என்றால் எங்கள் கேரியர் எம்மாத்திரம்!

தை மாதம் வெயில் வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று சயின்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்ததாம். அதனால் தம்பியை எட்ட நிற்க வைத்து, தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுச் சுரண்டி, உடனே துடைத்துக் காய வைத்தோம். 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120. தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையை எடுத்தோம். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு. மறுநாள் எனாமல் மெல்லிசாக ஒரு கோட்டு, அதற்கு மறுநாள் இன்னொரு கோட்டு. கேரியரின் அடிப்பக்கம் முழுக்க நான்தான். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று இந்தத் தடவை நினைக்கவில்லை.

இந்த ஐப்பசி மழையும் வந்து போய்விட்டது. கேரியர் கறுப்பாகவே இருக்கிறது. கயிறு உரசுகிற ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. அதை நானே அப்பாவிடம் காட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுரண்டப் போகிறோம்.

"பதறாத காரியம் சிதறாது" என்று சொல்வார்கள். நண்பர்களே, நீங்களும் வீட்டில் பெயின்ட் அடித்தால் முதலில் சுரண்டுங்கள். தப்புச் செய்தால் மூடி வைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி